காம இச்சை அதிகமா, கட்டுப்பாடு போய்விட்டதா? பரிசோதனை அறையில் நாங்கள் பார்ப்பவை

“வாரத்துக்கு எத்தனை தடவை இருந்தா நார்மல் டாக்டர்?” பாலியல் கவலையோடு மனநலப் பிரிவுக்கு வரும் பலர் முதலில் கேட்பது இதைத்தான். அதற்கு எண்ணாகப் பதில் சொல்ல முடியாது. அமெரிக்க மனநல மருத்துவர் மார்ட்டின் காஃப்கா 1990களில் ஓர் அளவை முன்வைத்தார்: வாரத்துக்கு 7 முறை அல்லது அதற்கு மேல் உச்சம், அதுவும் 6 மாதம் தொடர்ந்து. அதில் உடனே சிக்கல் வந்தது. புதுமணத் தம்பதிகள் பலர் அந்தக் கணக்குக்குள் அடங்குவார்கள். வாரம் இரண்டே முறை செய்தும் வேலையை இழந்தவர் அதற்குள் வரமாட்டார். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலான ஐசிடி-11, ‘கட்டுப்பாடற்ற பாலியல் நடத்தைக் கோளாறு’ என்ற ஒன்றைச் சேர்த்திருக்கிறது. அதில் எண்ணிக்கை என்ற பேச்சே இல்லை.

நாங்கள் தேடுவது இதுதான்: பல மாதங்களாக, பொதுவாக 6 மாதமாவது, உந்துதலை அடக்க முடியாமல் போகிறதா? அதனால் வீடோ வேலையோ படிப்போ உடம்போ கெட்டிருக்கிறதா, அல்லது அவர் கடுமையாகத் தவிக்கிறாரா? குளியல், சாப்பாடு, பிள்ளைகளைக் கவனிப்பது எல்லாம் பின்னுக்குப் போய் இதுவே நாளின் மையமாகிவிடுவது. குறைக்கப் பலமுறை முயன்று தோற்பது. கடன், வேலையிழப்பு, பிரிவு என்று அடி விழுந்த பிறகும் தொடர்வது. இன்பமே இல்லாமல் போன பிறகும் செய்வது. இந்த நான்கில் ஒன்றாவது இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை நாங்கள் குறிப்பாகத் துருவிக் கேட்போம். இச்சை அதிகம் உள்ளவர் “நல்லா இருந்துச்சு” என்பார். கட்டுப்பாடு போனவர் பல நேரம், “எப்படா முடியும்னு இருந்துச்சு” என்பார்.

அதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்தெடுக்க வேண்டும்: குற்ற உணர்ச்சி. நம் ஊரில் இந்தப் படிதான் அதிக நேரம் பிடிக்கும். கைப்பழக்கத்தால் நரம்புத் தளர்ச்சி வரும், விந்து போனால் உடம்பு உருகிவிடும் என்று சுவரொட்டியிலும் நடுராத்திரி டிவியிலும் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். வாரம் இரண்டு முறை சுயஇன்பம் செய்யும் 22 வயதுப் பையன், நன்றாகப் படித்துக்கொண்டு, நண்பர்களோடு சுற்றிக்கொண்டு, ‘நான் அடிமையாகிவிட்டேன்’ என்று அழுவான். அவனிடம் கேட்கும் கேள்வி: “இது பாவமில்லை, உடம்புக்கும் கெடுதல் இல்லைன்னு உறுதியா தெரிஞ்சா, அப்புறமும் இதனால உங்களுக்கு என்ன தொந்தரவு?” யோசித்துவிட்டு “ஒண்ணும் இல்ல” என்றால், அவனுக்குத் தேவை சரியான தகவலும் தைரியமும்தான். “அப்பவும் விடிகாலை 4 மணி வரைக்கும் போன்தான் சார், காலேஜ் போறதே இல்ல” என்றால் விசாரணை தொடரும். ஒழுக்கம் சார்ந்த வெறுப்பும் அவமானமும் மட்டுமே வேதனைக்குக் காரணம் என்றால் இந்த நோய்ப் பெயரைச் சூட்டக் கூடாது என்று ஐசிடி-11 தெளிவாகவே சொல்கிறது. இதை மதிக்காமல், கேட்டவுடனே ‘அடிக்‌ஷன்’ என்று எழுதிக் கொடுப்பது அந்தப் பையனுக்குச் செய்யும் அநியாயம்.

விரதத்தையும் கேட்போம். சபரிமலைக்கு மாலை போட்டு 41 நாளும், ரம்ஜான் மாதப் பகல்களிலும், தவக்காலத்திலும் பெரிய போராட்டம் இல்லாமல் இருக்க முடிகிறதா? முடிகிறது என்றால் பிடி கையில் இருக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. சிலர் விரதம் முடிந்த இரவே தொடங்கி நாள்கணக்கில் மூழ்கிவிடுவார்கள். அதனால், மாலை கழற்றிய பிறகு வந்த வாரம் எப்படிப் போனது என்றும் கேட்க வேண்டும்.

அடுத்தது, வேறு காரணங்களை விலக்குவது. இதில் அவசரப்பட்டால் ஆபத்து. திடீரென்று சில நாட்களில் இச்சை பொங்கியிருந்து, கூடவே மூன்று மணி நேரத் தூக்கமே போதும் என்ற சுறுசுறுப்பு, ஓயாத பேச்சு, கண்மூடித்தனமான செலவு இருந்தால் அது பைபோலார் நோயின் (மனம் சில காலம் அளவு மீறிப் பொங்கி, சில காலம் சோர்ந்து போகும் நோய்) எழுச்சி நிலையாக இருக்கலாம். அதைக் கவனிக்காமல் மனச்சோர்வு மாத்திரை கொடுத்தால் எழுச்சி இன்னும் ஏறக்கூடும். பார்க்கின்சன் நோய்க்குத் தரும் பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் மாத்திரைகளும், மனநோய்க்குத் தரும் அரிபிப்ரசோலும் சிலருக்கு இப்படிக் கட்டுப்பாட்டைக் குலைக்கும். 60 வயது தாண்டியவருக்குப் புதிதாக இந்தப் பிரச்சினை வந்தால் மாத்திரைச் சீட்டைத்தான் முதலில் வாங்கிப் பார்ப்போம். அந்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதித் தந்த மருத்துவரே அளவை மாற்ற வேண்டும். மெத், கொக்கைன் போன்ற போதைப் பொருள்களும், மூளையின் முன்பகுதியைத் தாக்கும் மறதி நோயும் இந்தப் பட்டியலில் உண்டு.

கணவனுக்குத் தினமும் வேண்டும், மனைவிக்கு மாதம் ஒருமுறை போதும் என்றால் அது பொருத்தம் சார்ந்த சிக்கல். இருவரில் யாரும் நோயாளி இல்லை. மறுபக்கம், சம்மதமில்லாமல் தொட்டுவிட்டு ‘எனக்கு வியாதி’ என்று வருபவருக்கு நோய்ப் பெயர் கேடயம் ஆகாது. அது குற்றம்.

பிறகு இரண்டு வாரக் குறிப்பு. ஒரு நோட்டில் ஐந்து கட்டம்: நேரம், எங்கே, அதற்கு அரை மணி முன்னால் மனநிலை, எவ்வளவு நேரம் போனது, முடிந்ததும் என்ன உணர்வு. மாதிரிக்கு ஒரு வரி: ‘இரவு 11.40; படுக்கை; மேனேஜர் திட்டினார், நெஞ்சு படபடப்பு; 3 மணி நேரம்; வெறுமை.’ இப்படியே பக்கம் நிறைந்தால் அங்கே பசி காமத்துக்கு இல்லை, பதற்றத்துக்கு மருந்து தேடுகிறார் என்று புரிந்துவிடும். செய்த அன்றைக்கு மட்டும் எழுதுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. உந்துதல் வந்தும் செய்யாமல் விட்ட நேரத்தையும் எழுத வேண்டும். எது காப்பாற்றியது என்பது அந்த வரிகளில்தான் இருக்கும். இந்தக் கோளாறுக்கென்றே 19 கேள்விகள் கொண்ட சிஎஸ்பிடி-19 என்ற வினாத்தாளும் உண்டு. 76க்கு 50 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும் என்றுதான் பொருள். நோய் உறுதி என்று அர்த்தமில்லை.

கோளாறுதான் என்று உறுதியானால் முதல் சிகிச்சை பேச்சு வழியானது. தூண்டும் நேரத்தைக் கண்டுபிடிப்பது, போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடுவது, உந்துதல் ஏறும்போது அதோடு மல்லுக்கட்டாமல் அரை மணி தள்ளிப்போட்டு அது தணிவதைக் கவனிப்பது. ‘இனி வாழ்நாளில் தொடவே மாட்டேன்’ என்ற சத்தியத்தை நாங்கள் ஊக்குவிப்பதில்லை. ஒருமுறை சறுக்கியதும் ‘எல்லாம் போச்சு’ என்று முழு இரவும் மூழ்குவதற்கு அந்தச் சத்தியமே காரணமாகிவிடுகிறது. தேவைப்பட்டால் மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ராலின் போன்ற மாத்திரையோ, குடியை விட உதவும் நால்ட்ரெக்ஸோனோ தருவார்கள். நால்ட்ரெக்ஸோனுக்கு முன் கல்லீரல் பரிசோதனை செய்வது வழக்கம், வலிக்கு ஓபியாய்டு மருந்து (மார்ஃபின், டிரமடால் போன்றவை) எடுப்பவர்கள் அதைத் தொடவே கூடாது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் புறநோயாளிப் பிரிவுக்கு நேராகப் போகலாம். சீட்டுப் போடும் இடத்தில் ‘தூக்கம் வரல, மனசு சரியில்ல’ என்று சொன்னால் போதும், மீதியை உள்ளே பேசிக்கொள்ளலாம். போகவே கூச்சமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416க்கு எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 23ஆம் பிரிவு உங்கள் விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து, நீதிமன்ற ஆணை போன்ற சில விலக்குகள் உண்டு. குழந்தைக்கு எதிரான குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி நாங்கள் புகார் தெரிவித்தே ஆக வேண்டும். இதைப் பேச்சைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவோம்.