சம்பளமா, வாடகை மேஜையா?

மூணு வாரமா இதே யோசனைதான். நெயில் டெக்னீஷியனா (நகத்தை அழகுபடுத்துற வேலை) சலூன் சம்பளத்திலேயே இருக்கிறதா, சலூன்ல ஒரு மேஜையை வாடகைக்கு எடுத்துத் தனியா செய்யிறதா?

வாடகைன்னா விலையும் நேரமும் என் கையில. (வாடகையும் வாங்கிட்டு, எத்தனை மணிக்கு வரணும்னு முதலாளியே சொன்னா அது வாடகையே இல்லை.) ஆனா ஜெல் பாலிஷ், அதை நீக்குற அசிட்டோன், ஜெல்லைக் காய வைக்கிற விளக்கு, காப்பீடு, வரிக்கணக்கு எல்லாம் என் பொறுப்பு. ஆள் வராத வாரமும் வாடகை கொடுத்தே ஆகணும்.

நேத்து குறிப்பேட்டை எடுத்து, சலூனுக்காக இல்லாம என்னையே கேட்டு வர்றவங்களை மட்டும் எண்ணினேன். 11 பேர். அவங்களை வச்சு வாடகையும் பொருள் செலவும்தான் தேறும். வீட்டுக்கு ஒண்ணும் மிஞ்சாது.

அதனால இன்னும் 6 மாசம் சம்பளம்தான். அதுக்குள்ள அக்ரிலிக்ல (செயற்கை நகம் வைக்கிறதுல) என் கை வேகமாகணும்.