நான்கு கிரவுண்டு

ஜூன் 1, 2025, ஞாயிறு

தி.நகரில் நம் பழைய பன்னிரண்டு வீட்டுக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் பில்டரிடம் கொடுக்கச் சம்மதம்: ஏழு கையெழுத்து. எட்டு வேண்டும்.

ஜூன் 2, திங்கள்

இரண்டாவது லேண்டிங் விரிசல் இன்று 2 மி.மீ. ஜன்னல் மூலையில் தொடங்கி, செங்கல் வரிசைக்கு வரிசை படிபோலச் சாய்வாக இறங்குகிறது. குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒட்டியாயிற்று. கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். பெயிண்ட் மேல் ஒட்டினால் பெயிண்ட்தான் உரிந்து வரும், ஒன்றும் தெரியாது. பூச்சு தெரியும்வரை சுரண்டிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

சுரண்டும்போது அடியில் பழைய பென்சில் கோடு ஒன்று. பக்கத்தில் சின்ன எழுத்தில் "6.19". நமக்கு முன்னால் யாரோ அளந்திருக்கிறார்கள்.

ஜூன் 5, வியாழன்

எல்லோரும் மெட்ரோவைச் சொல்கிறார்கள். பனகல் பூங்காவிலிருந்து கோடம்பாக்கம் பக்கம் சுரங்கம் குடைகிறது, அதுதான் சுவரைப் பிளக்கிறது என்று. இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி தடம் அது, 26.1 கி.மீ. இங்கே குடையும் இயந்திரங்களில் ஒன்றுக்கு மயில் என்று பெயர். சுரங்கம் போகும் வழி நம் தெருவுக்கு அடியில் இல்லை. இந்த விரிசலோ, அந்த "6.19" 2019 ஜூன் என்றால், குறைந்தது அப்போதே இருந்திருக்கிறது. அந்த ஜூனில்தான் ஏரிகள் வற்றி, நகரமே குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றது.

தி.நகர் மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920களில் எழுந்த ஊர். அடியில் களிமண். கோடையில் சுருங்கும், மழையில் உப்பும். நம் அஸ்திவாரம் ஐந்தடி ஆழம்தான், சுருங்கி உப்பும் மண்ணிலேயே உட்கார்ந்திருக்கிறது. வெயிலில் விரிந்து மழையில் மூடிக்கொள்கிற விரிசல் என்றால் அது மண்ணின் வேலை. மூடாமல் ஒரே பக்கமாக அகன்றுகொண்டே போனால்தான் பயம். ஒரு வருஷம் அளக்காமல் இது எது என்று சொல்ல முடியாது. நமக்கு இருப்பதோ ஆறு வாரம். ஆடி பிறந்தால் ஒருவரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

கூட்டம் மொட்டை மாடியில், மாலை ஆறு மணிக்கு. பில்டர் தருவதாகச் சொல்வது வீட்டுக்கு 1,140 சதுர அடி. இப்போது இருப்பது 850. எல்லார் முகத்திலும் சந்தோஷம். "290 அடி சும்மா வருதே சார்!"

சும்மா வரவில்லை. மனை நாலு கிரவுண்டு, 9,600 சதுர அடி. பன்னிரண்டு வீட்டுக்கும் சமமாக 800 சதுர அடி யூ.டி.எஸ்., அதாவது மனையில் பிரிக்காத பங்கு. 55:45 பங்கில் நம் பன்னிரண்டு பேருக்கு மிஞ்சுவது 5,280 சதுர அடி மண், வீட்டுக்கு 440. கூரைக்குக் கீழே 290 அடி கூடுகிறது, காலுக்குக் கீழே 360 அடி போகிறது. கட்டடத்துக்கு வயதாகும், மண்ணுக்கு ஆகாது. இன்னும் நாற்பது வருஷம் கழித்து இதே மொட்டை மாடியில் பிள்ளைகள் உட்கார்ந்து பேரம் பேசும்போது அவர்கள் கையில் இருக்கப்போவது அந்த 440தான்.

அப்படியென்றால் வேண்டாமா? வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணைத் தெரிந்துகொண்டு போடுங்கள் என்றுதான்.

1,140 என்பது கார்ப்பெட் ஏரியா இல்லை, படிக்கட்டும் லிஃப்டும் வராந்தாவும் சேர்ந்த கணக்கு. வெளிச்சுவரையும் பால்கனியையும் கழித்து, உள்ளே துடைப்பம் போகிற இடம் எவ்வளவு என்று எழுதி வாங்க வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

1ஆம் நம்பர் சார் கேட்ட கேள்வி தூங்கவிடவில்லை. "தெரு அகலம் எவ்வளவுன்னு யாராவது அளந்தீங்களா?"

ஜூன் 10, செவ்வாய்

காலை ஐந்தரை மணி. பால் வண்டிக்கும் முன்னால். 100 அடி டேப், இரண்டு பேர், காம்பவுண்டு சுவர் முதல் எதிர்க் காம்பவுண்டு சுவர் வரை. டேப்பைத் தொய்யவிடாமல் தரையோடு பிடிக்க வேண்டும். வாசல் சாய்தளங்களும் கால்வாய் மூடியும் அளவுக்குள்தான் வரும், அவற்றைக் கழிக்கக் கூடாது.

நம் வாசலில் 30 அடி. நடுத்தெருவில் 29 அடி 9 அங்குலம். மூலை வீட்டருகே 28 அடி 11.

9 மீட்டர் என்றால் 29 அடி 6 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். அதற்குக் குறைந்த தெருவுக்குப் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ., அதாவது மனையின் இரண்டு மடங்குக்கு மேல் பணம் கட்டி வாங்கும் கூடுதல் கட்டடப் பரப்பு, கிடையாது. 9,600க்கு இரண்டு மடங்கு 19,200. பிரீமியம் 30 சதவீதம் சேர்ந்தால் 24,960. அதில் 55 சதவீதத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 1,144. பில்டரின் 1,140 அங்கிருந்துதான் வருகிறது. பிரீமியம் இல்லையென்றால் அதே கணக்கு 880ல் முடியும்.

மூலை வீட்டுச் சுவர் என்றோ தெருவுக்குள் நகர்ந்திருக்க வேண்டும். 9 மீட்டருக்குக் குறைகிற அந்த ஏழு அங்குலத்தில் வீட்டுக்கு 260 சதுர அடி தொங்குகிறது.

ஜூன் 11, புதன்

கண்ணாடி உடையவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

இன்று முழுக்கச் சாக்கடை. யாரும் பேச விரும்பாத விஷயம், ஆனால் இதுதான் எல்லார் வீட்டுக்கும் பொது.

இப்போது 38 பேர். ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்தால் 5,130 லிட்டர் தண்ணீர். புதுக் கட்டடத்தில் 22 வீடு, வீட்டுக்கு நாலு பேர், 88 பேர்: 11,880 லிட்டர். 9,000 லிட்டர் லாரி ஒன்று வந்தாலும் போதாது. உள்ளே வருவதில் 80 சதவீதம் கழிவாக வெளியே போகும், கிட்டத்தட்ட 9,500 லிட்டர். நம் சேம்பரிலிருந்து தெரு மேன்ஹோலுக்குப் போவது ஆறு அங்குலக் குழாய், நூறு அடிக்கு ஓர் அடி சரிவு. நம் ஒரு கட்டடம் என்றால் தாங்கும். இந்தத் தெருவில் மட்டும் இன்னும் ஐந்து பழைய கட்டடங்களில் இதே பேச்சு நடக்கிறது. ஆறு கட்டடமும் இரண்டு மடங்கானால் தெருவுக்கு நடுவே ஓடும் குழாய் அதே குழாய்தான்.

மழையில் மேன்ஹோல் நிறைந்தால் தண்ணீர் பின்னால் திரும்பும், முதலில் பொங்குவது தரைத்தளக் கழிவறை. ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே ரோடு போட்டதில், நம் சேம்பர் மூடி தெருவைவிட ஒரு சாண் பள்ளத்தில் கிடக்கிறது. புதுக் கட்டடத்துக்குக் கேட்க வேண்டியவை: தரைமட்டம் தெருவைவிட மூன்றடி உயரம், கடைசிச் சேம்பரில் கழிவைத் திரும்பவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு, அந்த வால்வைக் கழற்றிக் கழுவ ஆள் இறங்கத் தேவையில்லாத அளவுக்கு ஆழம் குறைவான குழி. வால்வில் ஒரு துணி சிக்கினால் போதும், மூடாது. மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும். இதை எழுதிக் கொடுத்தால் பில்டர் தரப்பு இன்ஜினியர் தலையாட்டினார். எழுதிக்கொள்ளவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

சம்ப்பில் இரண்டு அடி தண்ணீர்.

ஜூன் 22, ஞாயிறு

மூன்றாவது மாடி மாமிக்குக் கையெழுத்தில் தயக்கமே இல்லை, முதல் கையெழுத்தே அவருடையது. 54 படி. கார்த்திகைக்குப் பிறகு இறங்கவேயில்லை. "எனக்கு ஸ்கொயர் ஃபீட் வேண்டாம், லிஃப்ட் வேணும்" என்கிறார். பேரன் மொபைலில் எடுத்த படத்தில்தான் ஸ்கைவாக்கைப் பார்த்திருக்கிறார். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை 570 மீட்டர், 2023 மேயில் திறந்தது. அதில் லிஃப்ட் இருக்கிறது. ரங்கநாதன் தெரு நெரிசலில் இடிபடாமல் ரயிலுக்குப் போய்விடலாம். பாண்டி பஜாரில் 2019ல் அகலமாக்கிய நடைபாதை, உட்கார பெஞ்சு, எல்லாம் நடக்கும் தூரம். ஊரெல்லாம் வந்து அனுபவிக்கிறது, 54 படிக்கு மேலே இருப்பவருக்கு இல்லை.

4ஆம் நம்பர் குடும்பம் நேர் எதிர். அவர்கள் வாடகைக்கு இருப்பவர்கள், ஓட்டும் கிடையாது. பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் பத்து நிமிஷ நடை. இடித்தால் இந்த வாடகைக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் வீடு கிடைக்காது, மேடவாக்கமோ மாங்காடோ போக வேண்டும். அவர்களைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை. மூன்று மாத நோட்டீசாவது எழுத்தில் வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் வைக்க வேண்டும்.

வாசல் இஸ்திரி வண்டி. புது வரைபடத்தில் முன்பக்கம் முழுக்கக் கார் இறங்கும் சாய்தளம்.

ஜூன் 27, வெள்ளி

லேண்டிங் விரிசலையே பார்த்துக்கொண்டிருந்ததில் பெரிய விஷயத்தைக் கவனிக்கவில்லை. தரைத்தளத்தில், மேல்வீட்டுக் குளியலறைக்கு அடியில் போகும் பீம். அடிப்பக்கம் நீளவாக்கில் கோடு, கோட்டை ஒட்டிப் பழுப்புக் கறை. சின்னச் சுத்தியலால் தட்டினால் மற்ற இடத்தில் கணீரென்று கேட்கிறது, இங்கே பொத்தென்று. ஒரு தட்டில் உள்ளங்கை அளவு கான்கிரீட் கையோடு வந்துவிட்டது. உள்ளே 16 மி.மீ. கம்பி. துருவை வயர் பிரஷ்ஷால் தேய்த்து வெர்னியரால் அளந்தால் 13.

இரும்பு துருவானால் பல மடங்கு பருக்கும், கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். மேலே சிமெண்டு பூசி மறைத்தால் இரண்டு வருஷத்தில் பூச்சோடு விழும். சரியான வழி: ஜாக்கி முட்டுக் கொடுத்து, கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு கொத்தி, துரு நீக்கி, ஜிங்க் பிரைமர் அடித்து, தேய்ந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, மைக்ரோ கான்கிரீட் ஊற்றுவது. அதற்கும் முன்னால் மேலே ஒழுகும் குளியலறையை நிறுத்த வேண்டும். 13 மி.மீ. என்றால் பரப்பளவில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. 1ஆம் நம்பர் சார் ரிப்பேரே போதும் என்கிறவர். அவரைக் கூட்டிவந்து காட்டியதும் ரொம்ப நேரம் பேசவில்லை.

ஜூன் 28, சனி

எத்தனை பீம்? இன்னும் ஒன்பது குளியலறைக்கு அடியில் பார்க்க வேண்டும்.

ஜூலை 2, புதன்

ஒப்பந்த வரைவு வந்தது. 31 பக்கம். சிவப்பு மையில் குறித்தவை:

யூ.டி.எஸ். சதவீதமாக மட்டும் இருக்கிறது. சதுர அடியிலும் வேண்டும். பவர் (நமக்காகக் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம்) பில்டருடைய பங்குக்கு மட்டும் என்று இல்லை, முழு மனைக்கும் என்று இருக்கிறது, கூடாது. மனையை அடமானம் வைக்க உரிமை, 14ஆம் பக்கத்தில், ஒரு வரியில் ஒளிந்திருக்கிறது, அடித்தாயிற்று. வாடகை 24 மாதம் வரை என்கிறது. சாவி தரும் நாள் வரை என்று இருக்க வேண்டும். "ஒப்படைப்பு" என்றால் என்ன? கட்டட நிறைவுச் சான்று வந்தபின் என்று எழுத வேண்டும். அது இல்லாமல் நிரந்தர மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் கிடைக்காது. ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் வரும் முன் வீட்டைக் காலி செய்யக் கூடாது. மூலப் பத்திரம் சங்கத்தின் லாக்கரில், இரண்டு பேர் கையெழுத்தில்.

சட்டம் மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் போதும் என்கிறது, 2022 அடுக்குமாடி உரிமைச் சட்டம். எட்டு பேர் போட்டால் மீதி நாலு பேரையும் அது கட்டும். அதனால்தான் எட்டாவது கை இவ்வளவு கனக்கிறது.

ஜூலை 7, திங்கள்

நேற்று ராத்திரி ஒரு மணி நேரம் நல்ல மழை. விரிசல் 2லிருந்து 1.8. அளவுகோல் பிழையாகவும் இருக்கலாம்.

ஜூலை 9, புதன்

1.8.

"6.19" எழுதியது யார் என்று மாமியிடம் கேட்டேன். தெரியவில்லை. அந்த வருஷம் 9ஆம் நம்பரில் பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தாராம், எதையும் அளந்துகொண்டே இருப்பாராம். எவ்வளவு அகலம் என்று எழுதாமல் போய்விட்டாரே.

ஜூலை 13, ஞாயிறு

பீம் கணக்கு: பத்தில் ஆறு மோசம். கூட்டத்தில் ரிப்பேர் பேச்சு நின்றுவிட்டது. 1ஆம் நம்பர் சார் போடத் தயார், ஒரே நிபந்தனை. தெரு அகலம் சர்க்கார் ரெக்கார்டில் 30 அடி இருக்கிறதா, மூலை வீட்டுச் சுவர் ஆக்கிரமிப்பா, அது முதலில் தெரிய வேண்டும். 880க்குத் தயாராக இருப்பவர்கள் யார் யார் என்று கை தூக்கச் சொன்னேன். நாலு கை. மாமி மேலேயிருந்து போனில் ஐந்தாவது.

ஜூலை 15, செவ்வாய்

டவுன் சர்வே ஸ்கெட்ச் நகலுக்கு மனுப் போட்டாயிற்று. ஆடி நாளை மறுநாள்.

ஜூலை 16, புதன்

உஸ்மான் சாலை முழுக்க ஆடித் தள்ளுபடி பேனர். தெரு முனையில் இரண்டு வரிசை வண்டி, ஆம்புலன்ஸ் திரும்ப ஏழு நிமிஷம். நகல் இன்னும் வரவில்லை. விரிசல் 1.8. தரைத்தளப் பீமுக்கு அடியில் இரண்டு ஜாக்கி நிறுத்தியிருக்கிறோம், அடியில் பலகை போட்டு. நாளை காலை முட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.