ஒரு மாதத்துக்கு முந்தைய தொற்று

2021 ஜூன் மாதம், கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டார் கொரோனாவிலிருந்து மீண்டு ஏறக்குறைய ஒரு மாதம் கழிந்திருந்த நிலையில், 7 வயது மகளுக்குக் காய்ச்சல் வந்தது. எங்களுக்குத் தொற்று இருந்தபோது அவள் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை என்பதால், இரண்டையும் சேர்த்து எண்ண எவருக்கும் தோன்றவில்லை. மூன்றாம் நாள் உடலில் செந்தடிப்புகள் கண்டதும், என் மாமியார் அம்மை என்று கருதி வாசலில் வேப்பிலை செருகினார். அவர் கண்டு வளர்ந்தது அது, அவரை நான் குறை சொல்ல மாட்டேன். மறுநாள் வயிற்றுவலியும் வாந்தியும் சேர்ந்துகொள்ள, முதலில் பார்த்த மருத்துவர் குடல்வால் அழற்சியாக இருக்கலாம் என்றார்.

ஐந்தாம் நாள் கண்கள் பீளையின்றிச் சிவந்து, உதடுகள் வெடித்து, கைகால்கள் சில்லிட்டுப் போயின. கேரள-தமிழக எல்லையிலுள்ள வேலந்தாவளம் சோதனைச் சாவடியில் மருத்துவர் கடிதத்தைக் காட்டிவிட்டுக் கோயம்புத்தூருக்கு விரைந்தோம். அங்கே குழந்தைகள் மருத்துவர் நாடியைப் பிடித்தபடியே, "இந்த ஒன்றரை மாதத்துக்குள்ள வீட்டுல யாருக்காவது கொரோனா வந்துச்சாம்மா?" என்று கேட்டார். ஐந்து நாட்களாக யாரும் கேட்காத, நாங்களும் சொல்லாத செய்தி அது.

ஆர்.டி.பி.சி.ஆர். நெகட்டிவ், எதிர்ப்பொருள் சோதனை பாசிட்டிவ்; அதாவது, அவளுக்கும் தொற்று தெரியாமலே வந்துபோயிருந்தது. உடலின் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., ஃபெரிட்டின் அளவுகள் மிக உயர்ந்திருந்தன. இரத்த அழுத்தம் தாழ்ந்து, எக்கோ எனும் இதய ஸ்கேனில் இதயத் துடிப்பின் வலுவும் குறைந்திருந்தது. தொற்று கண்டு 2 முதல் 6 வாரங்களில், அடங்காத எதிர்ப்பாற்றல் சொந்த உறுப்புகளிலேயே அழற்சியை உண்டாக்கும் இந்த நோய்க்கு எம்.ஐ.எஸ்.-சி என்று பெயர் என அவர் பொறுமையாக விளக்கினார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். எதிர்ப்பொருள்களால் ஆன இம்யூனோகுளோபுலின் மருந்து உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் வேண்டும். 22 கிலோ எடையுள்ள அவளுக்கு 5 கிராம் குப்பிகள் ஒன்பது தேவைப்பட்டன. கணவர் மருந்துக் கடைகளில் அலைந்து சேர்த்த அவற்றை, ஸ்டீராய்டுடன், இரவு முழுவதும் மெல்ல மெல்ல ஏற்றினார்கள். அந்த இரவு நான் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இரண்டாம் நாள் மாலை காய்ச்சல் இறங்கியதும் அவள் தோசை கேட்டாள்.

வீடு திரும்பிய பின் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுத்தோம். அது நிற்கும்வரை அம்மை கண்டவர் அருகே விடக்கூடாது என்ற எச்சரிக்கையை மாமியார்தான் தவறாமல் காத்தார். ஆறாம் வார எக்கோவில் இதயத் தமனிகள் இயல்பாக இருந்தன. அவளுடைய மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில், எங்கள் ஒவ்வொருவருக்கும் தொற்று கண்ட தேதியை எழுதி வைத்திருக்கிறேன்.