64 படி, ஒரு சிலிண்டர்

ஜூலை 1, திங்கள்

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.3 என்று வந்திருக்கிறது. 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோயாளி. 5.7-ஐத் தாண்டினாலே அதன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறோம் என்று அர்த்தம். டாக்டர் மாத்திரை எழுதவில்லை. "வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமா நடங்கம்மா. ரெண்டு நாளாவது வெயிட் தூக்குங்க. சாப்பிட்டதும் ரத்தத்துல ஏறுற சர்க்கரையை அதிகம் வாங்கிக்கறது தசைதான்" என்றார். தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறவள் நான். இதுவரை தூக்கிய பெரிய வெயிட் லெட்ஜர்தான்.

ஜிம்மில் சேர்ந்துவிட்டேன் என்றதும், "மலையில இருக்கறவங்களுக்கு எதுக்கு ஜிம்மு?" என்று வீட்டில் அவர் சிரித்தார். எங்கள் வீடு ரோட்டிலிருந்து 64 படி கீழே. காலையில் ஒருமுறை ஏறுகிறேன், மாலையில் ஒருமுறை இறங்குகிறேன். நடுவில் எட்டு மணி நேரம் நாற்காலி. கேஸ் சிலிண்டரை ரோட்டோரம் வைத்துவிட்டு ஹாரன் அடிப்பார்கள். அதைக் கீழே கொண்டுவர மேல் வீட்டுப் பையனுக்கு 50 ரூபாய். குன்னூர்க்காரர்களின் மலையேற்றம் இந்த லட்சணத்தில்தான் நடக்கிறது.

ஐந்து வருடம் முன்பு வேறொரு ஜிம்மில் ஒரு வருடத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டி, பதினொரு நாள் போனேன். சுவரைப் பார்த்தபடி ஒரு டிரெட்மில். போகாமல் விட்டபோது யாரும் கேட்கவில்லை. வருடம் முடிந்ததும் புதுப்பிக்கச் சொல்லி மட்டும் போன் வந்தது.

இந்தப் புது ஜிம் அப்படியில்லை. பேக்கரிக்கு மேல்மாடியில் ஒரே ஹால். காலை ஆறு மணி பேட்ச், ஒன்பது பேர். எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே பயிற்சி. கீழே வர்க்கி வேகிற வாசனை ஜன்னல் வழியாக ஏறி வருகிறது. சர்க்கரையைக் குறைக்க வந்தவளுக்கு இது என்ன சோதனையோ.

ஜூலை 3, புதன்

திங்கட்கிழமை 12 ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது) வீதம் மூன்று செட் போட்டேன். நேற்று லேசான வலி. இன்று உட்கார்ந்தால் எழ முடியவில்லை. ஏறுவது பரவாயில்லை, இறங்குவதுதான் கொடுமை. சாயங்காலம் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் 64 படியும் இறங்கினேன். அத்தை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "யார் கூடயாவது சண்டையா?" என்றார்கள்.

பேட்சில் வெலிங்டன் ராணுவ மையத்தில் பயிற்சி தந்து ரிட்டயர் ஆன சுபேதார் ஐயா ஒருவர் இருக்கிறார். அவர் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. அந்த வேலைதான் தசையை அதிகம் நோகடிக்கும். ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும், பிறகு தானாக இறங்கிவிடும். "வலிக்குதுன்னு வராம இருந்துடாதீங்க. வந்து லேசா செய்ங்க."

ஜூலை 19, வெள்ளி

போகவில்லை. அலாரத்தை அணைத்துவிட்டு ரஜாயை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். 6.10-க்கு போன். கேரட் அக்கா. (கோத்தகிரி ரோட்டுப் பக்கம் கேரட் போட்டிருக்கிறார். பேட்சில் எல்லோருக்கும் இப்படி ஒரு பெயர் உண்டு. என்னை லெட்ஜர் என்கிறார்கள்.)

"என்ன ஆச்சு, உடம்பு சரியில்லையா?"

"இல்லக்கா, தூங்கிட்டேன்."

"அப்ப சரி" என்று வைத்துவிட்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அதற்குமேல் தூக்கம் வரவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

ஜோடி பிளாங்க். இருவர் எதிரெதிரே முழங்கை ஊன்றி நிற்க வேண்டும். ஒருவர் விழுந்தால் இருவருக்கும் ஆட்டம் முடிந்தது. தனியாக 40 விநாடிக்குமேல் நான் நின்றதே கிடையாது. எதிரே கேரட் அக்கா, வயது 57. நெற்றியிலிருந்து பயிற்சிப் பாயில் சொட்டுச் சொட்டாக வியர்வை. மூச்சு மட்டும் சீராக வருகிறது. விட்டுவிடலாம் என்று தோன்றும்போதெல்லாம் அந்த முகத்தைப் பார்த்தேன். மாஸ்டர் கடிகாரத்தை நிறுத்தியபோது ஒரு நிமிடம் 15 விநாடி.

கோயம்புத்தூரில் சைக்காலஜி படிக்கிற மகளிடம் இரவு பெருமை அடித்தேன். அவள் அசரவில்லை. "இதுக்குக் கோஹ்லர் விளைவுன்னு பேரும்மா" என்றாள். 1920-களில் பெர்லினில் ஓட்டோ கோஹ்லர் என்பவர் படகோட்டும் சங்கத்து ஆட்களை வைத்துச் சோதித்தாராம். தனியாக வெயிட் தூக்கச் சொன்னார், பிறகு ஜோடியாக. ஜோடியில் ஒருவர் விட்டாலும் மற்றவர் தொடர முடியாது என்பது ஏற்பாடு. அப்போது பலம் குறைந்தவர் தனியாகச் செய்ததைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். இருவருக்கும் பலத்தில் ரொம்ப வித்தியாசம் இருந்தால் இது நடக்காது, கொஞ்சம் இருந்தால் நன்றாக நடக்கும். ஆக, ஆராய்ச்சியின்படி பலம் குறைந்தவள் நான். 57 வயது கேரட் அக்காவைவிட. சரி.

செப்டம்பர் 9, திங்கள்

போனேன், வந்தேன்.

அக்டோபர் 23, புதன்

தென்மேற்குப் பருவமழையெல்லாம் கூடலூர் பக்கம் கொட்டித் தீர்த்துவிடும். எங்களுக்கு மழை என்றால் ஐப்பசிதான். 5.40-க்குக் குடையோடு கிளம்பினால், முப்பதாவது படிக்குப் பக்கத்தில் காட்டெருமை. செடியை மென்றபடி என்னை ஒரு பார்வை பார்த்தது, அவ்வளவுதான். அதை அவசரப்படுத்தும் உத்தேசம் எனக்கும் இல்லை. "மாஸ்டர், படியில் காட்டெருமை, லேட்" என்று குரூப்பில் போட்டேன். "வெயிட் பண்றோம்" என்று பதில். உலகத்தில் வேறு எங்கே இந்தக் காரணத்தை மறுபேச்சில்லாமல் மதிப்பார்கள்?

போய்ச் சேர்ந்தபோது மின்சாரம் இல்லை. நாலு போன் டார்ச்சைச் சுவரோரம் சாய்த்து வைத்துச் செய்தோம். நிழல்கள் எல்லாம் ஏழடி உயரம்.

நவம்பர் 6, புதன்

தீபாவளி முடிந்து வந்த எல்லோர் கையிலும் டப்பா. அதிரசம், முறுக்கு, மைசூர்பாகு. மாஸ்டர் பெஞ்சில் வரிசையாக அடுக்கிவைத்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பர்பி எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினார் (தின்கிற பர்பி இல்லை, குதிக்கிற பர்பி).

நல்ல செய்தி: மறுபரிசோதனையில் 5.9. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழுமாம், அதனால்தான் இந்தச் சோதனை மூன்று மாதக் கதையைச் சொல்கிறது. என் கதையில் பதினொரு நாள் மட்டும் ஒழுங்காக இருந்து ஏமாற்ற வழியில்லை. எடை குறைந்தது இரண்டு கிலோதான். அதைப் பற்றி அத்தைக்கு மட்டும்தான் வருத்தம்.

டிசம்பர் 11, புதன்

ஜன்னல் சண்டை. சுபேதார் ஐயாவுக்குத் திறந்திருக்க வேண்டும், டாக்ஸி தம்பிக்கு மூட வேண்டும். ராடைத் தொட்டாலே ஐஸைப் பிடித்த மாதிரி இருக்கிறது. அதில் ஜன்னல் வேறா என்பது தம்பியின் கட்சி. குரல் உயர்ந்து, தம்பி பாதியில் ஷூவைக் கழற்றிவிட்டுப் போய்விட்டான். கூட்டம் என்றால் இதுவும் உண்டு. எனக்கு இருவர் மேலும் எரிச்சல்தான்.

டிசம்பர் 13, வெள்ளி

தம்பி வரவில்லை. ஐயாதான் போன் செய்தார். என்ன பேசினாரோ தெரியாது. திங்கள் முதல் வார்ம்-அப் முடியும்வரை ஜன்னல் மூடியிருக்கும், அப்புறம் திறக்கும்.

ஜனவரி 8, புதன்

வகுப்பு முடிந்து, வீட்டில் காப்பி குடிக்கலாம் என்று கேரட் அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தேன். படிக்கு மேலே சிலிண்டர் வண்டி நிற்கிறது. கேஸ் 14.2 கிலோ, இரும்பும் சேர்த்தால் 30 கிலோவுக்கு ஒட்டி. அக்கா அதையே பார்த்தார். "நேத்து டெட்லிஃப்ட்ல நீ எவ்ளோ எடுத்த?"

"முப்பத்தஞ்சு."

"அப்புறம் என்ன?"

ஆளுக்கொரு பக்கம் வளையத்தைப் பிடித்தோம். முதுகு நேராக, இடுப்பை மடக்கி, குதிகாலால் தள்ளி. தூக்குவது சுலபமாக இருந்தது. இறங்குவது அப்படியில்லை. இரண்டு பேரும் ஒரே நொடியில் காலை வைக்காவிட்டால் சிலிண்டர் ஆடி முட்டியில் இடிக்கிறது. சுபேதார் ஐயா மாதிரி "ஒன்னு, ரெண்டு" என்று அக்கா எண்ண ஆரம்பித்தார். நாற்பதாவது படியில் என் விரல்கள் திறக்கப் பார்த்தன. அக்கா விடவில்லை, அதனால் நானும் விடவில்லை.

வாசலில் இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தால், மேல் வீட்டுப் பையன் ரோட்டோரம் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பாவம், அவனுக்கு 50 ரூபாய் நஷ்டம். டெலிவரிக்காரர் காலி சிலிண்டரைக் கேட்டு ஹாரன் அடித்தார். "தம்பி, இறங்கி வா, இதை நீ மேல கொண்டு போ" என்றேன்.