டிக் டிக் சத்தமும் பன்னிரண்டு போல்ட்டும்

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்தால் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம். ஐந்து நிமிஷத்தில் இன்ஜின் சூடானதும் காணாமல் போய்விடும். மறுநாள் காலை திரும்ப ஆஜர். இன்ஜின் வால்வைத் தள்ளும் டாப்பெட்டின் சத்தமாக இருக்கும் என்று ஆயிலை மாற்றிப் பார்த்தேன். அறுபது டாலர் போனதுதான் மிச்சம்.

நான் இருப்பது ஹூஸ்டனை ஒட்டிய ஷுகர்லேண்டில். வண்டி 2008 மாடல் பிக்கப், 5.3 லிட்டர் வி-8. நான் வாங்கும்போதே ஒரு லட்சத்து நாற்பதாயிரம் மைல் ஓடி முடித்திருந்தது. கம்ப்யூட்டர் தட்டுகிறவனுக்கு பிக்கப் எதற்கு என்று வீட்டில் இன்றைக்கும் கேள்வி உண்டு. ஆனால் மண் மூட்டை, முருங்கைக் கன்று, தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவின் மேடைச் சாமான் என்று எதை ஏற்ற வேண்டுமானாலும் எல்லோரும் கூப்பிடுவது என்னைத்தான்.

சத்தத்தை ஃபோனில் பிடித்து நாமக்கல்லில் இருக்கும் மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். முப்பது வருஷம் லாரிப் பட்டறை வைத்திருந்தவர். உடனே கூப்பிட்டார். "டாப்பெட்டுமில்ல, ஒண்ணுமில்ல கண்ணு. பேக்கிங் அடிக்குது. மேனிஃபோல்டு போல்ட்டு ஏதோ அந்து போயிருக்கும், டார்ச் அடிச்சுப் பாரு."

அடித்துப் பார்த்தேன். டிரைவர் பக்கம், கடைசியில், கேபினை ஒட்டி இருக்கும் போல்ட்டுக்குத் தலையே இல்லை.

சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்த்து வெளியே விடும் மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு, அது போல்ட்டால் இறுகி நிற்கும் சிலிண்டர் ஹெட் அலுமினியம். இரண்டுக்கும் நடுவில் புகை கசியாமல் அடைப்பதுதான் பேக்கிங். சூடானால் இரண்டும் ஒரே அளவில் விரியாது. ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் நடுவில் மாட்டிக்கொண்ட போல்ட் பக்கவாட்டில் இழுபடுகிறது. கோடியில் இருக்கும் போல்ட்டுக்குத்தான் இழுப்பு அதிகம். பல வருஷம் தாங்கிவிட்டு ஒருநாள் தலை தெறித்துவிடும். குளிர்ந்திருக்கும்போது அந்த இடத்தில் இடைவெளி விழுகிறது, சூடேறி உலோகம் விரிந்ததும் மூடிக்கொள்கிறது. சத்தம் வருவதும் மறைவதும் அதனால்தான்.

சத்தத்தோடு போயிருந்தால் காலத்தை ஓட்டியிருப்பேன். ஆனால் கசிவு வழியாக வெளிக்காற்றும் உள்ளே நுழையும். ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்து, பெட்ரோல் போதவில்லை என்று ஏமாந்து, கூடுதலாக ஊற்றச் சொல்லும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி டாங்கிளை மாட்டிப் பார்த்தேன். பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டி ஊற்றுகிறது என்று காட்டும் லாங் டேர்ம் ஃப்யூயல் ட்ரிம் வலது பக்கம் பிளஸ் 2, இடது பக்கம் பிளஸ் 9. சரி, பிரித்தே ஆகவேண்டும்.

பிரிப்பதென்று ஆனபிறகுதான் மேனிஃபோல்டுக்குப் பதிலாக சிலிண்டருக்கு ஒரு குழாய் என்று மாட்டும் ஹெட்டர் மேல் ஆசை வந்தது. அதே வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைப் புதிதாக வாங்கி மாட்டினால் செலவு குறைவு. ஆனால் கைவைப்பதுதான் வைக்கிறோம், எல்லா போல்ட்டையும் எப்படியும் கழற்றத்தான் வேண்டும், அப்புறம் என்ன என்று மனசு சொன்னது. மனைவியிடம் "ரிப்பேர்" என்று மட்டும் சொன்னேன்.

ஹெட்டரில் முதல் கேள்வி குட்டையா நீளமா என்பது. நீளமானதில் நான்கு குழாயும் தனித்தனியாக வெகுதூரம் இறங்கி வந்து ஒன்று சேரும். ஒரு சிலிண்டரின் புகை வெளியேறும் வேகம் அடுத்ததை இழுத்துவிடும். ஹார்ஸ்பவர் கூடுவது அதில்தான். ஆனால் அது இறங்கி நிற்கும் இடத்தில்தான் கம்பெனி, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை வைத்திருக்கிறது. அதை நகர்த்த வேண்டும், பைப் வெட்டி வெல்ட் வைக்க வேண்டும், சென்சார் ஒயரை நீட்ட வேண்டும், கம்ப்யூட்டரை ட்யூன் செய்ய வேண்டும். கன்வர்ட்டரையே பிடுங்கிவிடு என்று யோசனை சொன்ன புண்ணியவான்களும் உண்டு. அது கூட்டாட்சி அரசின் சுத்தக் காற்றுச் சட்டப்படி குற்றம்.

"டெக்சாஸில்தான் இப்போது இன்ஸ்பெக்‌ஷனே கிடையாதே" என்றார் ஒரு நண்பர். பாதிதான் சரி. 2025 ஜனவரி 1 முதல் சொந்த வண்டிகளுக்கு எடுபட்டது பாதுகாப்புச் சோதனை மட்டும். புகைச் சோதனை அப்போதும் 17 கவுன்டிகளில் தொடர்ந்தது. எங்கள் ஃபோர்ட் பெண்ட் அதில் ஒன்று.

ஆகவே குட்டை ஹெட்டர். பழைய மேனிஃபோல்டு இருந்த இடத்திலேயே உட்காரும், கன்வர்ட்டரைத் தொடவே வேண்டாம். அதிலும் கலிஃபோர்னியா காற்று வாரியத்தின் ஈ.ஓ. அனுமதி எண் உள்ளதாகத் தேடி வாங்கினேன். நான் அந்த மாநிலத்தில் இல்லைதான். ஆனால் அங்கே தேறியது என்றால் எங்கேயும் பயமில்லை.

குழாய் விட்டத்தில் 1 5/8 இன்ச், 1 3/4 இன்ச் என்று இரண்டு இருந்தன. கடைக்காரர் பெரியதைத்தான் தள்ளப் பார்த்தார். நான் ரேஸ் ஓட்டப் போவதில்லை, சின்ன ட்ரெய்லர் இழுப்பவன். தோட்டத்துக் குழாயின் நுனியை விரலால் அமுக்கினால் தண்ணீர் சீறுமே, அதே கதைதான். குழாய் அகலமானால் குறைந்த வேகத்தில் புகையின் ஓட்டம் சோம்பிவிடும். சின்னதே எடுத்தேன்.

உலோகத்தில் 304 ஸ்டெயின்லெஸ், 409 ஸ்டெயின்லெஸ், செராமிக் பூசிய சாதா இரும்பு என்று மூன்று ரகம். 409 விலை குறைவு, நாளானால் மேலே துருநிறம் பிடிக்கும். 304 என்று சொல்லி 409-ஐக் கட்டிவிடுவார்களோ என்று சந்தேகம். பார்சல் வந்ததும் ஃபிரிட்ஜ் கதவில் இருந்த காந்தத்தை எடுத்துக் குழாயில் ஒட்டிப் பார்த்தேன். 409 என்றால் ஒட்டும், இது ஒட்டவில்லை. எவர்சில்வர் கடையில் அம்மா குடத்தை அப்படித்தான் சோதிப்பாள். ஹெட்டோடு சேரும் தட்டான ஃபிளேஞ்சின் தடிமன் 3/8 இன்ச் இருந்தது. மெல்லிசாக இருந்தால் சூட்டில் வளைந்து மறுபடி கசியும். கூடவே வந்த காகித பேக்கிங்கைக் குப்பையில் போட்டுவிட்டு, பல அடுக்கு ஸ்டீல் பேக்கிங் தனியாக வாங்கினேன்.

எங்கள் குடியிருப்பில் டிரைவ்வேயில் ஸ்பேனர் பிடித்தால் சங்கத்திலிருந்து கடிதம் வரும். கராஜுக்குள் தள்ளலாம் என்றால் வண்டி அதைவிட ஒரு அடி நீளம். ரோசன்பெர்க் பக்கம் ஷெட்டோடு இடம் வைத்திருக்கும் ஒரு அண்ணன்தான் கைகொடுத்தார்.

அதற்கு முந்தைய நான்கு நாளும் சாயங்காலம் வெதுவெதுப்பாக இருக்கும்போது எல்லா போல்ட்டுக்கும் பெனட்ரேட்டிங் ஆயில் அடித்து வைத்தேன். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஜாக் ஸ்டாண்டில் வண்டியை ஏற்றி, முன் சக்கரங்களையும் உள்பக்க ஃபெண்டர் லைனரையும் எடுத்துவிட்டோம். மேலேயிருந்து பானெட்டைத் திறந்துகொண்டு தொங்காதீர்கள். லைனரை எடுத்தால் சக்கரம் இருந்த ஓட்டை வழியாக மேனிஃபோல்டு நேர் எதிரே நிற்கும், ஸ்டூல் போட்டு உட்கார்ந்தே வேலை செய்யலாம். பிளக் ஒயர்களை நேராக இழுக்காமல் திருகி எடுத்தும் ஒயர் நுனியின் ரப்பர் உறையான பூட் இரண்டு கிழிந்தது.

வலது பக்கம் ஆறும் வந்துவிட்டன. இடது பக்கம் நான்கு வந்தன. ஐந்தாவதில் ராட்செட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தேன். 'பட்' என்றுகூட இல்லை, அதைவிட மெல்லிய ஒரு சத்தம். கையிலிருந்த பாரம் சட்டென்று இல்லாமல் போனது. நானும் அண்ணனும் ஒன்றும் பேசவில்லை.

மேனிஃபோல்டை எடுத்த பிறகு பார்த்தால் ஐந்தாவது கால் இன்ச் வெளியே நின்றது. சூடு காட்டி வைஸ் கிரிப்பில் பிடித்துத் திருகியதும் வந்துவிட்டது. பழைய ஆறாவதுதான் ஹெட்டோடு ஹெட்டாக மட்டமாக உடைந்திருந்தது. மாமாவை வீடியோவில் கூப்பிட்டேன், அங்கே ராத்திரி ஒன்பதரை.

"ஒடஞ்ச போல்ட்டக் கழட்டற ஈஸி அவுட்டு போட்டறாத கண்ணு. அது உள்ளயே ஒடஞ்சா ட்ரில்லு கூட எறங்காது. ஹெட்டக் கழட்டித்தான் ஆவோணும். வாசர வெச்சு, மேல நட்ட வெச்சு வெல்டு போடு."

"அலுமினியம் உருகிடாதுங்களா மாமா?"

"இரும்புக்குப் போடற வெல்டு அலுமினியத்துல புடிக்காதுடா. கை அளவாப் போட்டாப் போதும்."

அண்ணனின் பக்கத்து வீட்டுக்காரர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மிக் வெல்டிங் மெஷினைத் தள்ளிக்கொண்டே வந்துவிட்டார். வந்ததும் முதலில் கேட்டது, இந்த இடத்தில் பிரேக் கிளீனர் அடித்தாயா என்று. குளோரின் கலந்த ரகம் வெல்டிங் சூட்டில் விஷவாயுவாக மாறும். நல்லவேளை அடிக்கவில்லை. முதல் நட்டு பிய்த்துக்கொண்டது. இரண்டாவதும். மூன்றாவது செக்கச்செவேலென்று பழுத்தது. சிவப்பு மறையும்வரை காத்திருந்து ஸ்பேனரைப் போட்டு ஒரு நூலளவு இறுக்கி, ஒரு நூலளவு தளர்த்தி, மறுபடி இறுக்கி என்று ஆட்டினார். கீச் என்று ஒரு முனகல். பிறகு மெதுவாக, புற்றிலிருந்து வருவது போல், வெளியே வந்தது. வீடியோவில் மாமா கை தட்டினார். வெல்டர் காசு வாங்கவில்லை. டிபன் டப்பாவில் இருந்த லெமன் சாதத்தை வாங்கிக்கொண்டார்.

அதன்பின் எல்லாம் சுலபம் என்றுதான் நினைத்தேன். எம்8 டேப் விட்டு மரையைச் சுத்தம் செய்து, ஹெட்டின் முகத்தை பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் வழித்து, போல்ட்டுகளில் பின்னால் இறுகிப் பிடித்துக்கொள்ளாமலிருக்க லேசாக ஆன்ட்டி-சீஸ் பசை தடவி, எல்லாவற்றையும் முதலில் கையாலேயே திருகினேன். நடுவிலிருந்து இரண்டு ஓரத்துக்கும் மாறி மாறி முதல் சுற்று 11 ஃபுட்-பவுண்ட், இரண்டாவது சுற்று 18. இது என் இன்ஜினின் கணக்கு, உங்கள் வண்டிக்கு அதன் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். குழாய்க்கு அடியில் ஒளிந்த ஒரு போல்ட்டுக்கு, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச் போகவே இல்லை, சாதா ஸ்பேனரில் கை சொன்னதுதான் கணக்கு. வலது பக்கம் எல்லாம் இறுக்கி முடித்துத் திரும்பினால் ஆயில் டிப்ஸ்டிக் குழாய் பெஞ்சில் சமர்த்தாகப் படுத்திருந்தது. ஹெட்டருக்கு முன்னால் அதை நுழைத்திருக்க வேண்டும். மறுபடி ஆறையும் கழற்றினேன். அண்ணன் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

இருட்டும்போது ஸ்டார்ட் செய்தோம். புகை வந்தது, கை எண்ணெய்தான், பத்து நிமிஷத்தில் அடங்கிவிட்டது. ஸ்டெயின்லெஸ்ஸை மாட்டும் முன் ஆல்கஹால் போட்டுத் துடைக்க வேண்டும். நான் ஒரு இடத்தை விட்டிருக்கிறேன். இரண்டாவது குழாயில் என் கட்டைவிரல் ரேகை பழுப்பாகச் சுட்டு, ஆதார் பதிவு மாதிரி நிரந்தரமாக நிற்கிறது.

நூறு மைல் ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி இறுக்கிப் பார்த்ததில் இரண்டு போல்ட் லேசாகத் திரும்பின. ட்ரிம் இப்போது இடது பிளஸ் 3, வலது பிளஸ் 2. பவர் கூடியதா என்று கேட்டால், என் காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. குட்டை ஹெட்டரில் அவ்வளவுதான். மெல்லிய குழாய் என்பதால் சத்தத்தில் ஒரு தகர வாடை சேர்ந்திருக்கிறது. பிளக் பூட்டுகளுக்கு வெப்ப உறை போட்டிருக்கிறேன், அங்கே சூடு அதிகம். ஹெட்டர், பேக்கிங், போல்ட், பிளக் ஒயர் எல்லாம் சேர்த்து எழுநூறு டாலரைத் தாண்டியது.

புகைச் சோதனைக்கு மூன்றாம் நாளே போய் அசடு வழிந்தேன். பேட்டரியைக் கழற்றினால் கம்ப்யூட்டரின் சுயசோதனைகள் அழிந்துவிடும், அவை முடியும்வரை மெஷின் "தயாரில்லை" என்றே சொல்லும். இன்னும் ஒரு வாரம் ஆபீசுக்கு ஓட்டிவிட்டுப் போனேன், பாஸ்.

அன்று காலை குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து, சத்தத்தைப் பிடித்து மாமாவுக்கு அனுப்பினேன். டிக் டிக் சுத்தமாக இல்லை. இரண்டு நீலக் குறி விழுந்தது, பதில் வரக் கொஞ்ச நேரம் ஆனது.

"பேக்கிங் சரியாப் போச்சு கண்ணு. ஆனா பெல்ட்டு லேசாக் கீச்சுங்குதே, பார்த்தியா?"