எந்தச் சான்றும் கேட்காத கால்வாய்

இங்கிலாந்தில் குடியேறியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருவது முகவரிச் சான்றுப் புலம்பல்தான். வீடு வாடகைக்கு எடுக்க வங்கிக் கணக்கு வேண்டும். வங்கிக் கணக்குத் தொடங்க வீட்டு முகவரி வேண்டும். ஊரில் மாட்டு வண்டிக்கும் மினி பஸ்ஸுக்கும் நடுவே கார் ஓட்டிப் பழகியவரின் இந்திய லைசென்ஸ் இங்கே 12 மாதம்தான் செல்லும்; பிறகு எல் பலகை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். நிரந்தரமாகத் தங்க விரும்பினால் இந்நாட்டு வாழ்க்கையைப் பற்றி 24 கேள்விகள். 18க்காவது சரியாக விடை எழுத வேண்டும். அந்தத் தேர்வுக்கான புத்தகத்தில் கால்வாய்களுக்குச் சில வரிகள் ஒதுக்கியிருக்கிறார்கள். தொழிற்புரட்சிக் காலத்தில் ஆலைகளையும் ஊர்களையும் துறைமுகங்களையும் இணைக்க வெட்டப்பட்டவை என்ற அளவில் நானும் மனப்பாடம் செய்து தேறிவிட்டேன்.

இதே நாட்டில், செஷயரைச் சேர்ந்த ரென்பரி என்னும் சிற்றூரில், 60 அடி நீளமும் பதினைந்து டன்னுக்கு மேல் எடையும் உள்ள டீசல் படகை எங்கள் ஆறு பேரிடம் ஒரு சனிக்கிழமை ஒப்படைத்தார்கள். லைசென்ஸ் கேட்கவில்லை. விடுமுறைக்குக் கால்வாய்ப் படகு ஓட்ட இங்கே எந்தத் தேர்வும் கிடையாது. சேதமானால் பிடித்துக்கொள்ள ஒரு முன்பணம், அரை மணி நேர விளக்கம், ஆளுக்கொரு மிதவைச் சட்டை, அவ்வளவுதான். படகுத்துறைக்காரர் எங்களோடு சிறிது தூரம் வந்து, ஒரு பாலத்தருகே இறங்கிக் கையசைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். "நம்மை நம்பி விட்டுவிட்டுப் போகிறாரே, இவருக்கு ஏதாவது ஆகிவிட்டதா?" என்று மதுரைக்காரர் கேட்டார். அவர் மனைவி செவிலியர்; "ஆகப்போவது நமக்குத்தான்" என்றார்.

நாங்கள் ஆறு பேரும் வந்த புதிதில் கோவென்ட்ரியில் ஒரே வாடகை வீட்டில் அடைந்து கிடந்தவர்கள். இப்போது ஆளுக்கொரு ஊர். ஒருவர் வீட்டு விசேஷத்தில் சந்தித்தால் சாப்பாட்டுக்கும் புகைப்படத்துக்கும் நேரம் சரியாகப் போய்விடுகிறது. ஏழு அடிக்கும் குறைவான அகலமுள்ள படகில் ஒரு வாரம் என்றால் யாரும் யாரையும் தவிர்க்க முடியாது. யோசனை கும்பகோணத்து நண்பருடையது. அவருக்குத் தண்ணீர் ஓடும் இடம் எதுவானாலும் சரி.

சுக்கான் பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகின் மூக்கு வலப்பக்கம் திரும்பும், அதுவும் சற்று யோசித்துவிட்டு. சாலையில் இடப்பக்கம் போகும் இந்த நாடு கால்வாயில் மட்டும் வலப்பக்கம் ஒதுங்குகிறது. வேக வரம்பு மணிக்கு 4 மைல். கரையோரம் கட்டிய படகுகளைக் கடக்கும்போது அதிலும் பாதிக்குக் குறைக்க வேண்டும். நாயோடு நடைபோகும் பாட்டிகள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள்.

நாங்கள் போனது வேல்ஸ் வரை செல்லும் லாங்கோலன் கால்வாய். அதில் மேற்கே போவது ஏற்றம். படகு மேடேற வழி லாக் என்னும் நீர்ப்படி. கருங்கல்லோ செங்கல்லோ கட்டிய ஏழடி அகலத் தொட்டி, இரு முனைகளிலும் மரக்கதவுகள். படகின் அகலம் 6 அடி 10 அங்குலம். பாசி வழியும் சுவர்களுக்கு நடுவே பக்கத்துக்கு ஓர் அங்குல இடைவெளியில் நுழைய வேண்டும். பின்கதவைச் சாத்தியதும் கரையில் இருப்பவருக்கு வேலை. விண்ட்லாஸ் என்ற வளைந்த இரும்புப் பிடியை மதகின் அச்சில் மாட்டிச் சுற்றினால் பற்சக்கரம் கடகடவென்று ஏறும், அடியில் மதகு திறக்கும், மேல்மட்டத்துத் தண்ணீர் தொட்டிக்குள் பொங்கிப் பாயும். படகு மெல்ல உயரும். கதவைத் திறக்க அதன் நீண்ட மரக்கையில் முதுகைக் கொடுத்துத் தள்ள வேண்டும். இரு பக்கமும் நீர் சமமாகும் வரை அது அசையாது. ஒரு விரற்கடை வித்தியாசம் இருந்தாலும் மூன்று பேர் சேர்ந்து முக்கினாலும் பயனில்லை. சமமான நொடியில் ஒற்றைக் கைக்கே வழிவிடும்.

கும்பகோணத்தாருக்கு இதெல்லாம் பார்த்த ஏற்பாடு. காவிரிப் பாசன வாய்க்கால்களின் ஷட்டரும் இப்படித்தான் சுற்றி ஏற்றப்படும். ஆனால் அங்கே சாவி லஸ்கரிடம், அதாவது மதகைத் திறந்து மூடும் பொதுப்பணித் துறை ஊழியரிடம் இருக்கும். "இதை நம் ஊரில் நான் தொட்டிருந்தால் ஊர்ப் பஞ்சாயத்தே கூடியிருக்கும்" என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொரு லாக்கிலும் அவரே குதித்து இறங்கினார். விண்ட்லாஸை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு படகு ஒரு படி ஏற ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று கணக்குப் போட்டவரும் அவர்தான். "ஒரு மா நிலத்துக்கு ஒரு பாய்ச்சல்! ஆறு பேர் உல்லாசமாகப் போக!" அன்று இரவு வரை அவருக்கு அது ஆறவில்லை. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்குமா திறக்காதா என்று காத்திருந்த வீட்டில் வளர்ந்தவர். அந்தக் கோபத்தை நாங்கள் கேலி செய்யவில்லை.

கிரிண்ட்லி புரூக்கில் ஆறு லாக்குகள். மேலே உள்ள மூன்றும் படிக்கட்டு போல ஒட்டியவை. ஒன்றின் மேல்கதவே அடுத்ததன் கீழ்க்கதவு. வரிசை தப்பி மதகைத் திறந்தால் மேலிருக்கும் தண்ணீர் கீழ்த்தொட்டியை நிரப்பி வழியும். அதனால் சீசனில் அங்கே ஒரு லாக் காவலர் நிற்பார். அநேகமாகத் தன்னார்வலர், ஓய்வு பெற்றவர், சம்பளம் இல்லை. எங்களுக்கு வாய்த்தவர் எந்த மதகு எப்போது என்று விரலால் காட்டினாரே தவிர, கைவைக்கவில்லை. வேலை எங்களுடையது.

அதற்கு முந்தைய லாக் ஒன்றில், இறங்கிவரும் படகிலிருந்து ஒருவர், "எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்டார். நாகர்கோவில் தோழி வழக்கமான பதிலைச் சொன்னாள்: இந்தியா. அவர் ஒரு கணம் விழித்தார். அவருக்குத் தெரிய வேண்டியது, நாங்கள் அடுத்த கீழ் லாக்கிலிருந்துதான் ஏறி வந்தோமா என்பது. நாங்கள் ஏறியிருந்தால் அந்தத் தொட்டி நிரம்பியிருக்கும். இறங்குகிறவருக்கு அது லாபம். பதிலைப் பெற்றுக்கொண்டு, நாங்கள் நுழையும் வரை கதவைத் திறந்து பிடித்திருந்துவிட்டுப் போனார். என் தெருவில் எதிர்வீட்டுக்காரரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

படகுக் குடித்தனத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்த் தொட்டி ஆறு தமிழர்கள் தினமும் தலைக்குக் குளிக்கும் என்று எண்ணிக் கட்டப்பட்டதல்ல. மோர்மிளகாய் வறுத்தால் புகைமணி அலறும். கழிப்பறைத் தொட்டியின் கொள்ளளவைப் புறப்படுமுன் கேட்டுவைப்பது நல்லது.

பொன்ட்கசல்தே பாலத்தைச் சுருக்க மனம் வரவில்லை. டீ ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல் 38 மீட்டர் உயரத்தில், 307 மீட்டர் நீளத்துக்கு, கல்தூண்களில் வார்ப்பிரும்புத் தொட்டியை வைத்து அதற்குள் கால்வாயை ஓட விட்டிருக்கிறார்கள். தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெஸப்பும் கட்டி 1805-ல் திறந்தது. 2009 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். ஒரு பக்கம் நடைபாதை, கைப்பிடிக் கம்பி. மறுபக்கம் தொட்டியின் விளிம்பு தண்ணீருக்கு மேல் சில அங்குலம்தான்; கம்பி கிடையாது. சுக்கான் பிடித்து நிற்பவருக்கு அந்தப் பக்கம் படகின் ஓரத்துக்கு அப்பால் ஒன்றுமே இல்லை, அடியில் மரங்களின் உச்சிகள். மதுரைக்காரர் உள்ளே போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டார். அவர் மனைவிதான் ஓட்டினார், வார்டில் நடக்கும் அதே முகத்தோடு.

அதற்கு அப்பால் லாங்கோலன் ஊருக்குள் போகும் கடைசித் துண்டு சில இடங்களில் ஒரு படகு அகலம்தான். விளக்கும் இல்லை, காவலரும் இல்லை. ஒருவர் கைப்பேசியோடு முன்னால் நடந்து, எதிரே படகு இல்லை என்று சொன்ன பிறகே மற்றவர் வரலாம். எதிரில் வந்த குழுவும் ஓர் இளைஞனை முன்னால் அனுப்பியிருந்தது. அவனும் எங்கள் தோழியும் நடுவில் நின்று பேசி, யார் முதலில் என்று முடிவு செய்தார்கள். குதிரைலாட வடிவ ஹார்ஸ்ஷூ அணைக்கட்டில் டீ ஆற்றிலிருந்து பிரியும் தண்ணீர் எங்களை எதிர்த்தே வந்துகொண்டிருந்தது. குடிநீருக்காக அந்த ஓட்டம் தேவைப்பட்டதால்தான், 1944-ல் படகுப் போக்குவரத்துக்கு மூடிய பிறகும் இந்தக் கால்வாயைத் தூர்க்காமல் விட்டார்களாம். கும்பகோணத்தார் இதைக் கேட்டபின்தான் கால்வாயை மன்னித்தார்.

திரும்பி வந்து ஒப்படைத்தபோது டீசல் அளவையும் விண்ட்லாஸ்கள் இருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிட்டு முன்பணத்தைத் திருப்பித் தந்தார்கள். அடுத்த முறை டிவைசஸ் பக்கம் போகலாம், அங்கே 29 லாக்குகள் வரிசையாக இருக்கின்றன என்கிறார் கும்பகோணத்தார். தாராளமாகப் போகட்டும், தான் டிவைசஸுக்கு பஸ்ஸில் வந்து சேருவதாக மதுரைக்காரர் சொல்லிவிட்டார். அவர் மனைவி படகில்தான் வருவாராம்.