டிக்கோயாவில் எங்கள் வீட்டுப் பள்ளி

நீலகிரியின் கோத்தகிரியிலிருந்து இலங்கையில் ஹட்டனுக்குப் பக்கத்து டிக்கோயாவுக்கு வந்தால் ஊர் மாறியதே முதலில் உறைக்காது. அதே குளிர், அதே தேயிலை, அதே மாரியம்மன். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்கள் நீலகிரியில் நிறைய. அவர்கள் பேச்சைக் கேட்டே வளர்ந்தவள் நான். முழி பிதுங்கியது பிள்ளைகளின் படிப்பில்தான். கணவருக்குத் தேயிலை இயந்திரம் பழுதுபார்க்கும் வேலை, எத்தனை வருஷம் என்று உறுதியில்லை. பாடத்திட்டத்தை இங்கே ஒரு தடவை, திரும்பிப் போய் இன்னொரு தடவை மாற்றுவானேன் என்று வீட்டிலேயே படிக்க வைக்கிறோம்.

நாங்கள் பின்பற்றுவது அமெரிக்காவில் ஜெஃபர்சன் பெயரால் வழங்கும் முறை. பிற்பாடு அந்த நாட்டின் ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சன் 1762 முதல் ஜார்ஜ் வைத் என்ற வழக்கறிஞரிடம் இருந்து சட்டம் படித்தவர். அவர் அப்படிப் படித்ததைப் பார்த்து அமைத்ததுதான் இந்த முறை: பாடநூலுக்குப் பதில் மூலநூல், வகுப்புக்குப் பதில் ஒரு வழிகாட்டி, கட்டாயத்துக்குப் பதில் ஆர்வம். நேரத்தை நாம் வகுக்கலாம், எதைப் படிப்பது என்பதைப் பிள்ளைதான் முடிவு செய்யும். எட்டு வயது வரை விளையாட்டும் வீட்டு வேலையுமே படிப்பு என்பதால் சின்னவனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

பெரியவளுக்கு வழிகாட்டி தானாகவே அமைந்தார். அடுத்த வீட்டுத் தாத்தா ஓய்வு பெற்ற டீ மேக்கர், அதாவது தொழிற்சாலையில் தூள் தயாரிப்பைக் கவனித்தவர். கோத்தகிரியில் அவள் பார்த்ததெல்லாம் இயந்திரத்தில் நசுக்கிக் கிழித்து, குருணை குருணையாக வரும் சிடிசி தூள். இங்கே ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் இலையைச் சுருட்டி உருட்டுகிறார்கள். உருட்டிய பச்சை இலை ஏன் செம்பு நிறமாகிறது என்று அவரிடம் கேட்டாள். “மகள், வீட்டுல ஒரு கத்திரிக்காய வெட்டி வச்சிட்டு நாளைக்கு வந்து சொல்லுங்க” என்றார். இவ்வளவுதான் பாடம். வெட்டிய காய் கறுத்தது, ஆப்பிளும் கறுத்தது, எலுமிச்சை பிழிந்தது மட்டும் அப்படியே இருந்தது. காற்றுப் பட்டதும் நொதி செய்யும் வேலை அது என்று அவளாகத் தேடிப் படித்துக்கொண்டு போய்ச் சொன்னாள். அடுத்த கேள்வி அவருடையது: 100 கிலோ கொழுந்து மடுவத்தில், அதாவது நிறுக்கும் கொட்டகையில், நிறுத்துப் போனால் தூள் ஏன் இருபது கிலோவைச் சுற்றித்தான் வருகிறது? சதவீதக் கணக்கு அப்படித்தான் வீட்டுக்குள் வந்தது.

இதை வைத்து எல்லாமே ஆர்வத்தில் நடந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். பின்னக் கணக்குக்கு எந்தத் தாத்தாவும் கிடைக்கவில்லை. அதை உட்கார வைத்துத்தான் செய்ய வைக்கிறேன். முறையின் விசுவாசிகள் கோபித்துக்கொள்ளட்டும்.

அந்த முறையில் எனக்கு முழுச் சம்மதமான விதி ஒன்றுதான்: முதலில் படிக்க வேண்டியது பெற்றவர்கள். காலை எட்டு மணிக்கு மேசையில் நானும் சிங்கள எழுத்துப் பயிற்சியோடு உட்காருகிறேன். பஸ் போர்டு வாசிக்கவாவது வேண்டுமே. நான் போனை எடுத்தால் அடுத்த நிமிஷம் பெரியவளும் எழுந்துவிடுவாள். நான் எழுதிக்கொண்டிருந்தால் அவளும் எழுதுகிறாள். அதட்டலுக்கு அந்தப் பலன் கிடைத்ததில்லை.

லயத்துப் பக்கத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், அக்காமார் பார்க்கும்போதெல்லாம் கேட்பது, “ஐந்தாம் தர ஸ்கொலர்ஷிப்புக்கு பிள்ளை எழுதலியா?” அவர்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. தோட்டத்திலிருந்து நல்ல டவுன் பள்ளிக்குப் போக அந்தப் பரீட்சை ஒரு வாசல். நாங்கள் எப்போது வேண்டுமானாலும் ஊருக்குத் திரும்பலாம், அவர்களால் முடியாது. அதனால் ஜெஃபர்சன் கதையெல்லாம் அவர்களிடம் நான் எடுப்பதில்லை. சாயங்காலம் அவர்கள் பிள்ளைகளும் வருகிறார்கள். பரீட்சைத் தாளைப் போட்டுப் பார்க்கிறோம். கத்திரிக்காயும் வெட்டுகிறோம்.